வெற்றிடம் பதினொன்று

புதுக்கடையில், பிஸ்கால் அறையில்,
பதினொரு கதிரைகள் ஆளில்லாமல்.
ஒன்றில் மின்விசிறியின் மூடி.
ஒன்றில் ரவூப்தீனின் குடை,
அவர் மௌத்தாகி இரண்டு மாரி போய்விட்டது.
ஏழாம் கதிரைக்கு மூன்று கால்தான்,
அதையும் வெற்றிடமென்றே கணக்கில் எழுதினேன்.

கீழே, மன்றில்,
ஒரே வாக்கியம் நாள் முழுக்க:
அழைப்பாணை சேர்ப்பிக்கப்படவில்லை.
அடுத்த தவணை.
தாபரிப்பு கேட்டு வந்த ஒருத்தி
ஐந்தாம் முறையும் அதைக் கேட்டுவிட்டு
குனிந்து பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டினாள்.
புருசன் இருப்பது இரண்டு பஸ் தரிப்பு தள்ளி.
காலையில்கூடக் கண்டாளாம்,
பாண் வாங்கிக்கொண்டு நின்றானாம்.
அவள் கண்டது
சட்டத்துக்குக் காணாது.

வர்த்தமானியில் போட்டார்கள்.
வந்தது நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பம்.
சாதாரண தரம் சித்தி, சொந்த மோட்டார் சைக்கிள்,
நன்னடத்தைக்குக் கிராம சேவகரின் ஊதா முத்திரை.
பாதிக்கு மேல் ஒரே கையெழுத்து,
கச்சேரி வாசலில் மேசை போட்டிருப்பவருடையது.

இருநூற்று ஆறாவது வேறு கை.
‘முன் அனுபவம்’ என்ற சின்னக் கட்டத்துக்குள்
கிளைவ் மரியநேசன், வயது இருபத்தெட்டு,
நெருக்கி நெருக்கி எழுதியிருந்தான்:
"இரண்டு தரம் அழைப்பாணை வாங்கியிருக்கிறோம்.
ஒரு தரம் சாமான்களோடு ரோட்டில்.
அன்றைக்கு வந்த பிஸ்கால் பட்டியலில்
மீன் தொட்டி ஒன்று என்று எழுதினார்,
பிறகு குனிந்து பார்த்து
மீன் நாலு என்றும் சேர்த்தார்.
எனக்கு இந்த வேலை தெரியும்."

நேர்முகத்துக்கு மூவர் இருந்தார்கள்.
நான் ஓரமாகப் புள்ளித் தாளோடு.
"ஆள் உள்ளே இருந்துகொண்டே
இல்லை என்று சொல்ல வைத்தால்?"
"வாசலில் செருப்பைப் பார்ப்பேன் சேர்."
"செருப்பையும் உள்ளே எடுத்திருந்தால்?"
"அப்ப கட்டாயம் உள்ளுக்குத்தான் இருக்காங்க சேர்."
ஒருவர் சிரித்தார். மற்றவருக்குத் தேநீர் வந்தது.
மூன்றாமவர் என்னிடம் பேனா கேட்டார்.

நியமனக் கடிதம் பதிவுத் தபாலில் போனது,
ஜம்பட்டா வீதி, நூற்றுப் பன்னிரண்டின் கீழ் நாற்பத்தாறு.
ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது.
சிவப்பு மையில்: இம்முகவரியில் ஆளில்லை.

பதிவாளர் மேடம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"தொலைபேசி?"
"பாவனையில் இல்லையாம்."
"யாரையாவது அனுப்பித் தேடச் சொல்லுங்களேன்."
யாரை?
இருவரும் கதிரைகளைப் பார்த்தோம்.

ரவூப்தீனின் குடையை எடுத்துக்கொண்டு
நானே இறங்கினேன்.
நாற்பத்தாறில் இப்போது டயர் களஞ்சியம்.
கோயிலடியில் மெழுகுதிரி விற்பவள்
என் கோப்பைப் பார்த்ததும்
"அப்படி ஒரு ஆளே இல்லையே" என்றாள்.
மருந்துக் கடையிலும் அதே.
ஒரு ஓட்டோக்காரன் மட்டும்,
கடனேதும் இருந்ததோ என்னவோ,
உடனே சொன்னான்:
மட்டக்குளி, ஆற்றோரத் தோட்டம், பச்சைக் கதவு.

மழை பிடித்துவிட்டது.
பச்சைக் கதவுகள் நாலு இருந்தன.
மூன்றாவதைத் தட்டினேன்.
உள்ளே டீவி நின்றது.
ஏதோ பொரிந்துகொண்டிருந்தது, அதுவும் அடங்கியது.
ஒரு குழந்தை தொடங்கிய சொல்லை
யாரோ கையால் பொத்தினார்கள்.

பத்து வருடமாகக் கடிதம் அடிக்கிறேன்,
ஒரு கதவைத் தட்டியதில்லை.
எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
"பயப்படாதீங்க, நல்ல விசயம்தான்,
கோட்டிலிருந்து வந்திருக்கிறேன்" என்றேன்.

மேல் தாழ்ப்பாளும் விழுந்தது.

கீழே பார்த்தேன்.
ஒரு செருப்புக்கூட இல்லை.
குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு
நின்றேன்.